‘ஊசிக்குப் போய்விட்டார்’: ஓர் அச்சத்தின் வரலாறு

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு எழும்போது நம் வீடுகளில் இரண்டு விதமான சொற்கள் வழங்குகின்றன. ஒருவர் மாத்திரை உண்டு வரும் வரை, ‘அவருக்குச் சுகர் இருக்கிறது’ என்பார்கள். மருத்துவர் இன்சுலின் எழுதிக்கொடுத்த மறுநாள் முதல் அதே மனிதர் ‘ஊசிக்குப் போய்விட்டார்’. திரும்பி வராத ஊருக்குப் பயணமானவரைப் பற்றிப் பேசும் தொனி அது. மாத்திரை என்றால் நோய், ஊசி என்றால் முடிவு என்று நாம் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினை வெறும் பேச்சோடு நின்றிருந்தால் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. இரத்தச் சர்க்கரை முந்நூற்றைம்பது, நானூறு என்று ஏறி, உடல் மெலிந்து, இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கும் நிலையில் ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். ‘சில வாரங்களுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாத்திரைக்கு வந்துவிடலாம்’ என்கிறார் மருத்துவர். வீட்டார் அந்த இரண்டாம் வாக்கியத்தை நம்புவதில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போட வேண்டும் என்று அண்டை வீட்டார் சொன்னதே நெஞ்சில் நிற்கிறது. பாகற்காய்ச் சாறு, நாவற்கொட்டைத் தூள், சிறுகுறிஞ்சான் என்று ஆறு மாதங்கள் ஓடுகின்றன. ஏழாம் மாதத்தில் கால்விரலில் ஆறாத புண்ணோடு வருகிறார்கள்.

இது ஏதோ சில வீடுகளின் கதை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. நாடு முழுமைக்குமான விகிதம் 11.4 விழுக்காடு. புதுச்சேரியின் விகிதமோ 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்த இடம். வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்று கொண்டால், பாகூர் ஏரிக்கரையில் உள்ள சிற்றூரானாலும் வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையானாலும், இந்நோய் நுழையாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே ‘ஊசி வந்தால் போகாது’ என்ற நம்பிக்கை சரியா, தவறா என்பது நம் கால்களையும் கண்களையும் சிறுநீரகங்களையும் பற்றிய கேள்வியாகிறது.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது; அந்த வரலாற்றின் ஒரு கட்டத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது.

நீரிழிவு நம் முன்னோருக்குப் புதிய நோயன்று. நம் நாட்டுப் பழைய மருத்துவ நூல்கள் அதை மதுமேகம் என்று அழைத்தன. சிறுநீரின் இனிப்பையும் எறும்பு மொய்ப்பதையும் அவை அறிந்திருந்தன. கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவப் பேரேடான ‘அல்கானூன்’ நூலில் இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். நோயைக் கண்டறிந்தவர்கள் இருந்தார்கள். காரணத்தைத்தான் எவரும் அறியவில்லை. 1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் நாயொன்றின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. கணையத்திலிருந்து சுரக்கும் ஏதோ ஒன்றுதான் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று அன்று தெரிந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ கையில் கிடைக்க இன்னும் 32 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை என்பது பட்டினிதான். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் நோயாளிகளுக்கு உணவை மிகக் கடுமையாகக் குறைத்தார். குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தார்கள்.

1921இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மக்லியாட்டின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். காலிப் என்ற வேதியியலர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பயன்படவில்லை. ஜனவரி 23 அன்று தூய்மையாக்கிய மருந்தைச் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. கண்டறிந்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டார்கள். கோடிகளை ஈட்டியிருக்கக்கூடிய ஒன்றை அவ்வாறு கொடுத்த மனிதர்களை நினைக்கும்போது, இன்று அதே மருந்துக்குச் சில நாடுகளில் வைக்கப்படும் விலை நம்மை வெட்கப்படச் செய்கிறது.

சிறுவன் தாம்சன் 1935இல் நுரையீரல் அழற்சியால் இறக்கும் வரை, பதின்மூன்று ஆண்டுகள், இன்சுலினோடு வாழ்ந்தான். ஊசியை நிறுத்தியிருந்தால் சில நாட்களில் இறந்திருப்பான். உலகம் இன்சுலினை முதன்முதலில் அறிந்தது இத்தகைய குழந்தைகளின் வழியாகத்தான். அவர்களுடைய கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோயிருந்தன. அவர்களைப் பொறுத்தவரை ‘ஆயுள் முழுவதும் ஊசி’ என்பது முற்றிலும் உண்மை, இன்றும் உண்மை. நம் ஊர் அச்சத்தின் முதல் வேர் இங்கே இருக்கிறது. ஒரு வகை நோயாளிக்கு உரிய விதியை எல்லா நோயாளிகளுக்கும் உரியதாக உலகம் எடுத்துக்கொண்டது.

வகைகள் இரண்டு என்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஆங்கில மருத்துவர் ஹிம்ஸ்வொர்த். 1936இல் அவர் எழுதிய கட்டுரையில், சிலருடைய உடல் இன்சுலினுக்கு உடனே இணங்குகிறது, சிலருடைய உடல் இணங்க மறுக்கிறது என்று விளக்கினார். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், பருத்த உடலினர். அவர்களிடம் இன்சுலின் இல்லாமலில்லை. இருப்பது போதிய அளவு வேலை செய்யவில்லை. 1960 வாக்கில் அமெரிக்காவில் யாலோ, பெர்சன் ஆகிய இருவரும் இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டறிந்தபோது இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. வயது வந்தபின் நீரிழிவு வந்தவர்கள் பலரிடம் இன்சுலின் தாராளமாகவே இருந்தது.

இதற்கிடையில் மாத்திரை வந்துவிட்டிருந்தது. அதன் கதை பிரான்சில் தொடங்குகிறது. வில்லியனூரும் பாகூரும் 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையிலேயே பெயர் குறிப்பிடப்பட்டு, புதுச்சேரியைச் சூழ்ந்த நிலமாகப் பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்ட பகுதிகள். கொம்யூன் என்ற சொல்லை இன்றும் நம் பஞ்சாயத்துகளின் பெயரில் சுமந்துகொண்டிருப்பவர்கள் நாம். எனவே இந்தச் செய்தியைக் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். 1942இல், போருக்கு நடுவே, மோன்பெலியே நகர மருத்துவமனையில் ழான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. காரணம், அவர்களுடைய இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. அதே நகரத்து லூபாத்தியேர் அந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று காட்டினார். காய்ச்சலுக்குத் தேடிய மருந்து சர்க்கரைக்கு வழிகாட்டியது.

அந்த வழியில் 1955, 1956 ஆண்டுகளில் ஜெர்மனியில் கார்புட்டமைடு, டால்புட்டமைடு ஆகிய மாத்திரைகள் பிறந்தன. 1957இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். இன்று நம் வீட்டு மாத்திரைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுவே. புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. பிரெஞ்சு ஆட்சி விடைபெற்ற மூன்றே ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் மாத்திரை உலகுக்கு அறிமுகமானது தற்செயல்தான்; ஆனாலும் நினைத்துப் பார்க்கச் சுவையான தற்செயல்.

மாத்திரை வந்ததும் வயது முதிர்ந்த நோயாளிகளின் வாழ்வில் இன்சுலினின் இடம் மாறியது. அதுவரை உணவுக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத சர்க்கரைக்கு ஊசி ஒன்றே மருந்து. அதன்பின் முதலில் உணவு, பிறகு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு மூன்று, எதுவும் பலிக்காதபோது கடைசியாக ஊசி என்று வரிசை ஏற்பட்டது. ஊசி வரிசையின் கடைக்கோடிக்குத் தள்ளப்பட்டது. மருத்துவர்களே அதை அச்சுறுத்தலாகப் பயன்படுத்தினார்கள்: ‘ஒழுங்காக இல்லாவிட்டால் ஊசிதான்’. பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டி மிரட்டுவது போல நோயாளிகளை மிரட்டிய பொருள், உண்மையிலேயே தேவைப்படும்போது எப்படி நண்பனாகத் தோன்றும்?

இதன் விளைவாக இன்னொரு மயக்கமும் உண்டானது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் கிடந்து, கணையம் பெரும்பகுதி ஓய்ந்து, சிறுநீரகமும் காலும் கெட்ட பின்னரே ஒருவர் இன்சுலினுக்கு வந்தார். வந்த சில மாதங்களில் கால் எடுக்கப்பட்டது. அல்லது கண் போனது. அல்லது ஜனாஸா எடுக்கப்பட்டது. தெருவார் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: ஊசி போட்டார், பிறகு இப்படி ஆனது. பத்தாண்டு நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து நாள் ஊசி தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஊசியை நிறுத்த முடியாமலே போனதும் உண்மை. ஆனால் அது ஊசி பழக்கமாகிவிட்டதால் அன்று. சுரக்க வேண்டிய செல்கள் ஊசி வருமுன்பே தீர்ந்துபோனதால். ஊன்றுகோல் எடுத்தவர் கால் வலிமை இழந்ததற்கு ஊன்றுகோலைக் காரணம் காட்டுவது போன்றது இது.

ஊசி என்ற பொருளின் கடுமையும் சேர்ந்துகொண்டது. இன்றைய மயிரிழை ஊசிகளைப் பார்த்தவர்களுக்கு அன்றைய நிலை தெரியாது. கண்ணாடிச் சிரிஞ்சும் தடித்த ஊசியும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். முனை மழுங்கினால் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த வலியை நேரில் கண்ட பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். அத்தாவுக்கு வீட்டில் ஊசி கொதிக்க வைத்த நினைவு அவர்களுடைய மறுப்பில் இருக்கிறது என்பதை இளம் மருத்துவர்கள் உணர வேண்டும்.

நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய ஒரு தயக்கமும் இருந்தது. டொராண்டோவின் முதல் மருந்து மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெருமளவு உற்பத்தி தொடங்கியபின் பன்றியின் கணையமும் பயன்படுத்தப்பட்டது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலம்தான். மாட்டு இன்சுலினோடு மூன்று. மருத்துவக் கண்ணோட்டத்தில் பன்றி இன்சுலினே மனிதருக்கு நெருக்கமானது. முஸ்லிம் நோயாளியின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கில் ஆலிம்களும் மருத்துவர்களும் இதை ஆராய்ந்து, நிர்ப்பந்த நிலையில், ஷரீஅத்தின் வரையறைகளுக்கு உட்பட்டு, நீரிழிவு நோயாளிகள் அதைப் பயன்படுத்தலாம் என்று கூறினார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே அறிவியல் கேள்வியையே மாற்றத் தொடங்கிவிட்டது. 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலினை உருவாக்கினார்கள். 1982இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இந்தியாவிலேயே 2003இல் வோக்கார்ட் நிறுவனமும், 2004இல் பயோகான் நிறுவனமும் இத்தகைய மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்று நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பவை பாக்டீரியா அல்லது ஈஸ்ட் வழியாகத் தயாரிக்கப்படும் மனித இன்சுலினும் அதன் திருத்திய வடிவங்களும்தான். ஐயம் உள்ளவர்கள் பெட்டியின் மீதுள்ள எழுத்தைப் படித்தோ மருந்தாளுநரைக் கேட்டோ தெளிவு பெறலாம். பன்றி என்ற பழைய அச்சத்தைக் காரணம் காட்டி இன்று ஊசியை மறுப்பவர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய குப்பியை மறுக்கிறார்.

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம். வயது வந்தபின் நீரிழிவு வந்த ஒருவர் இன்சுலினைத் தொடங்கி, பிறகு நிறுத்த முடியுமா?

பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான ஒரு மாபெரும் ஆய்வு, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைப் பின்தொடர்ந்தது. நோய் தெரியவரும் நாளிலேயே கணையத்தின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது என்பது அதன் கணக்கு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மேலும் குறைந்தது. ஒரே மருந்தால் சர்க்கரையை இலக்குக்குள் வைக்க முடிந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் பாதிப்பேர். ஒன்பதாம் ஆண்டில் கால்வாசிப்பேர். ஆக, மருந்து கூடிக்கொண்டே போவது நோயின் இயல்பு. அது நோயாளியின் குற்றம் என்று சொல்வது நியாயமன்று.

ஆனால் குறைந்துபோன அந்தப் பாதியில் எல்லாமே அழிவு அன்று. ஒரு பகுதி செல்கள் சாகவில்லை, களைத்துக் கிடக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதே அந்தச் செல்களுக்கு நஞ்சாகி, அவற்றின் வேலையை முடக்குகிறது. வேலை முடங்க, சர்க்கரை இன்னும் ஏறுகிறது. ஏறிய சர்க்கரை இன்னும் முடக்குகிறது. பாகூர் வயல்களில் உழுதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் உழுது படுத்துவிட்ட மாட்டைத் தாற்றுக்கோலால் குத்தி எழுப்பினால் இரண்டு அடி வைக்கும், மறுபடி படுத்துவிடும். அவிழ்த்துக் கட்டித் தண்ணீர் காட்டினால் மறுநாள் தானே ஏருக்கு வரும். தற்காலிக இன்சுலின் என்பது அந்த ஓய்வு. வெளியிலிருந்து வரும் இன்சுலின் சில வாரங்கள் சுமையைத் தாங்க, கணையம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. செத்துப்போன மாட்டை ஓய்வு எழுப்பாது என்பதையும் இந்த உவமையே சொல்லிவிடுகிறது.

இந்தக் கருத்தைச் செயலில் சோதித்தவர்களுள் துருக்கியின் இஸ்தான்புல் மருத்துவர்கள் முன்னோடிகள். ஹசன் இல்கோவாவும் உடனுழைத்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் சர்க்கரை அடங்காத, புதிதாக நோய் கண்ட 13 பேருக்கு இரண்டு வாரங்கள் மட்டும் இன்சுலின் பம்பு வழியாகத் தீவிரமாக இன்சுலின் செலுத்தினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். அவர்களில் 9 பேர் மாத்திரையும் ஊசியும் இன்றி, உணவுக் கட்டுப்பாட்டால் மட்டுமே, பல மாதங்கள் சர்க்கரையைச் சீராக வைத்திருந்தார்கள். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பதின்மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து உலகுக்கு விதி எழுத முடியாது.

விதிக்கு அருகில் வந்தது 2008இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு. ஒன்பது மையங்களில் 382 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இன்சுலின் பம்பு, மற்றொன்றுக்கு நாளுக்குப் பல இன்சுலின் ஊசிகள், மூன்றாவதற்கு மாத்திரை. சர்க்கரை சீரடைந்து இரண்டு வாரங்கள் ஆனதும் மூன்று பிரிவிலும் மருந்தை முற்றிலும் நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்து மருந்தின்றிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள்: பம்பு பிரிவில் 51.1 விழுக்காடு, ஊசிப் பிரிவில் 44.9 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 26.7 விழுக்காடு. நம் தெருப்பேச்சு சொல்வதற்கு நேர்மாறான முடிவு இது. மருந்தே தேவைப்படாத நிலைக்கு வந்தவர்கள், மாத்திரையில் தொடங்கியவர்களைவிட ஊசியில் தொடங்கியவர்களிடையே அதிகம்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் ஊசி கேட்டு நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தே பலர் இதே நிலையை அடைகிறார்கள். நோயின் தொடக்கக் காலத்தில் இருப்பவர்களுக்கே இது பெரிதும் பொருந்தும். பதினைந்து ஆண்டு நோயாளிக்கு இதே வாக்குறுதியைத் தருவது ஏமாற்று வேலை. ஓராண்டில் சீராக இருந்தவர்களில் பாதிப்பேரையாவது நோய் பின்னர் மீண்டும் தேடி வரக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. சுல்தான்பேட்டையில் ஒருவருக்கு நிறுத்தப்பட்டது என்பதால் கரிக்கலாம்பாக்கத்தில் இன்னொருவருக்கும் நிறுத்தப்படும் என்று கொள்ள முடியாது.

தற்காலிக இன்சுலின் வேறு பல வேளைகளிலும் வருகிறது. கண்டறியும் நாளிலேயே சர்க்கரை 300க்கு மேல் இருந்து உடல் மெலிந்துகொண்டிருந்தால் மருத்துவர்கள் இன்சுலினை எண்ணிப் பார்க்கிறார்கள். நிலைமை தெளிந்தபின் பலரை மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். பெரிய அறுவை சிகிச்சையின்போது, கடுமையான தொற்றின்போது, காலில் புண் ஆறும் வரை, காசநோய் சிகிச்சையில் சிலருக்கு, ஸ்டீராய்டு மருந்து உண்ணும் காலத்தில் எல்லாம் இது வழக்கம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ஸ்டீராய்டால் சர்க்கரை தாறுமாறாக ஏறியதையும், கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதையும் நாம் அனைவரும் கண்டோம். அன்று மருத்துவமனையில் இன்சுலின் போட்டுக்கொண்ட பலர் வீடு திரும்பிய சில வாரங்களில் அதை விட்டுவிட்டார்கள். கருவுற்ற காலத்தில் மட்டும் சர்க்கரை வரும் பெண்களின் நிலை இன்னும் தெளிவானது. பேறுகாலம் முடிந்ததும் பெரும்பாலோருக்கு ஊசி நின்றுவிடுகிறது. நம் வீட்டு மருமகள்கள் எத்தனையோ பேர் ஊசிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்களின் அனுபவம் ஊர்ப்பேச்சில் சான்றாக ஏறாதது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தானா என்ன!

நமக்கு மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே 1964இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்ற நிறுவனம்; அதன் ஊரக நல மையம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் இருக்கிறது. பாகூர் கொம்யூன் எல்லைக்குள் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வழியில் நிற்பது தொலைவன்று. அந்தப் பழைய வரிசை, ஊசியைக் கடைசியில் வைத்த வரிசை, நம் மனத்தில் இன்னும் கலையாமல் இருப்பதுதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றும் நடக்கிறது. ‘தற்காலிகம்தானே’ என்று சர்க்கரை இறங்கிய மறுநாளே தாமாக ஊசியை நிறுத்துவோர் உண்டு. நிறுத்தும் நாளை முடிவு செய்வது மருத்துவர். அதற்கு அவர் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், உணவுக்குப் பின்னான சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியையும் பார்த்து அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார். குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வரும் முதல் வகை நீரிழிவுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது; ‘நிறுத்திக் குணமாக்குகிறேன்’ என்பவர் எவராயினும் அவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று, பலருக்கு உயிர்ச் செய்தி. நம் நாட்டில் குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு. அதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சு. 100 அலகு மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள் குப்பியை வைத்துப் பயன்பாட்டில் உள்ள மருந்தைக் காக்கலாம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்தால் மருந்து வீரியம் இழந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பார்வை மங்கல் கண்டால் சர்க்கரை இறங்குகிறது என்று அறிந்து உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

இறுதியாக நோன்பு. சர்க்கரை நோயாளிகள் நோன்பு நோற்பது குறித்து 13 நாடுகளில் 12,243 பேரிடம் 2001இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றதாகத் தெரிந்தது. சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனை செல்லும் நிலை அவர்களுக்கு மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. நம் மக்களின் ஈமானைக் காட்டும் எண்ணோடு, நாம் எவ்வளவு முன்னேற்பாடின்றி நோன்பு நோற்கிறோம் என்பதைக் காட்டும் எண்ணும் அருகருகே நிற்கின்றன.

இன்சுலின் ஊசி நோன்பை முறிக்குமா என்ற கேள்விக்கு 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி விடை தந்திருக்கிறது. உணவாக அமையாத ஊசிகள், தோலுக்கடியில் போட்டாலும் தசையில் போட்டாலும் நரம்பில் போட்டாலும், நோன்பை முறிக்கா. ஆனால் ஊசி நோன்பை முறிக்காது என்பதும், ஊசி போடும் நிலையில் உள்ள உடல் நோன்பைத் தாங்கும் என்பதும் ஒன்றல்ல. சர்க்கரை அலைபாயும் காலத்தில்தான் தற்காலிக இன்சுலின் தரப்படுகிறது. அந்த வாரங்களில் ரமலான் வந்தால் நோன்பை விடும்படி மருத்துவர் கூறக்கூடும். நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை சூரா அல்பகரா தெளிவாகவே வைத்திருக்கிறது. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

இங்கே ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு மார்க்கத்திலும் ஓர் எடை இருக்கிறது. குணமாகும் நம்பிக்கையுள்ள நோயாளி விட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை அற்றவருக்கே, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா. ‘ஊசிக்குப் போய்விட்டார், இனி நோன்பு இல்லை’ என்று வீட்டார் முடிவு கட்டி, ஃபித்யாத் தொகையை எண்ணி வைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மூன்று மாதங்களில் மாத்திரைக்குத் திரும்பக்கூடிய ஒருவர் மீது களா கடமையாகவே நிற்கும். அவர் எந்த வகையினர் என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த விடையை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் செல்ல வேண்டும். மழைக்காலத்தின் குறும்பகலில், கார்த்திகை, மார்கழியில், களா நோன்புகளை நோற்று முடிக்க வசதியும் உண்டு.